நம்பிக்கைகளும் உண்மைகளும்: தனக்கு மிஞ்சித்தான் தானமா?

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஐந்து வயது நிறையாமல் இறந்த குழந்தைகள் ஏறக்குறைய 49 லட்சம். இவர்களில் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோனவை நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா போன்ற நோய்கள். மூன்றுக்கும் மருந்து உண்டு, தடுக்கவும் வழி உண்டு. இதைப் படித்தால் யாருக்கும் மனம் கனக்கும். ஆனாலும் கை பர்ஸுக்குப் போவதற்குள் சில பழமொழிகளும் சில சந்தேகங்களும் குறுக்கே வந்து நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்.

உண்மை: கொடுத்தால் புண்ணியம், கொடுக்காவிட்டால் குற்றமில்லை என்ற பொருளில்தான் இந்தப் பழமொழியைச் சொல்லிவருகிறோம். 1971 நவம்பரில், ஆக்ஸ்ஃபோர்டில் கற்பித்துக்கொண்டிருந்த பீட்டர் சிங்கர் என்ற இளம் ஆஸ்திரேலியத் தத்துவ ஆசிரியர் இந்த எண்ணத்தை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சம் லட்சமாக இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்த நேரம் அது. அவருடைய கேள்வி எளியது. நீங்கள் போகிற வழியில், ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கித் தூக்கினால் உடுப்பு சேறாகும், அவ்வளவுதான். பார்த்துவிட்டுப் போகிறவரை யாராவது "தானம் செய்யாதவர்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவார்களா? ஈடான எதையும் இழக்காமல் ஒரு பெருந்தீங்கைத் தடுக்க முடியுமென்றால் தடுத்தே ஆகவேண்டும். குழந்தை பத்தடி தள்ளி இருந்தாலும் ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் கடமை ஒன்றுதான் என்பது அவர் வாதம்.

கொடுப்பதைக் கடமையாக வைத்த மரபுகள் அதற்கு முன்பே உண்டு. இஸ்லாத்தில் ஜகாத், சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை. கிறிஸ்தவர்களின் தசமபாகம், பத்தில் ஒன்று. இரண்டிலும் அளவு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது; மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. எல்லாவற்றையும் துறந்துவிடச் சொல்கிறார்களோ என்று அஞ்சவும் வேண்டாம். 2009இல் வெளியிட்ட நூலில், வருமானம் கூடக் கூட விகிதமும் கூடுகிற ஒரு படிநிலையைத்தான் சிங்கரே முன்வைத்தார்.

நம்பிக்கை 2: நான் கொடுப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

உண்மை: அதே 1971, அதே அகதிகள். மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான போங்காவில் காலரா பரவியது. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். வாந்திக்கும் கழிவுக்கும் நடுவில் முட்டிபோட்டு உட்கார்ந்துதான் நரம்பில் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தச் சலைனும் தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ், குடிக்கிற தண்ணீரை நம்பித் துணிந்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, முகாமில் கரைத்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பினார்கள். கூட வந்த தாயோ அண்ணனோ கோப்பையில் பிடித்துப் பிடித்து நோயாளிக்குப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு அந்த முகாமில் 3.6ஆக இறங்கியது. இன்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உலகம் ஏற்றுக்கொள்ள இந்த அனுபவம் பெரிய காரணம்.

உயிர் காக்கிற பொருள் பெரும்பாலும் இவ்வளவு மலிவானது. அதைக் கொண்டுசேர்க்கத்தான் பணமும் ஆளும் வேண்டும். 1971 நவம்பரில் இந்திய அரசு, பெரும்பாலான தபால்களுக்கு 5 காசு அகதிகள் நிவாரண வில்லை கூடுதலாக ஒட்ட வேண்டும் என்று விதித்தது. 1973 மார்ச் வரை அது நீடித்தது. திருநெல்வேலியில் கடிதம் போட்டவரும் போங்காவ் அகதிக்காக 5 காசு கொடுத்தார். அதனால் யாரும் ஏழையாகிவிடவில்லை.

யானைப் பசியும் அப்படியே இல்லை. 1990இல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் சுமார் 1.25 கோடி. மேலே சொன்ன 49 லட்சத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை 3: பிழைக்கவைத்தால் மக்கள்தொகை பெருகி வறுமை கூடும்.

உண்மை: நடந்தது நேர்மாறு. 1971இல் வங்கதேசத்தில் ஒரு பெண் சராசரியாகப் பெற்றது ஏழு பிள்ளைகள். இன்று இரண்டு சொச்சம். பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் 1980களில் வீடு வீடாகப் போய், உப்பும் வெல்லமும் கரைத்துப் புகட்டத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்த நாடு அது. பெற்ற பிள்ளை நிலைக்கும் என்ற தைரியமும் பெண்கல்வியும் குடும்பக் கட்டுப்பாட்டு வசதியும் சேர்ந்த இடத்தில் குடும்பம் தானே சிறுத்திருக்கிறது.

நம்பிக்கை 4: நம் ஊரிலேயே ஆயிரம் ஏழைகள், வெளியே எதற்குக் கொடுக்க வேண்டும்?

உண்மை: நம் தாத்தா பாட்டி தலைமுறையில் அம்மைத் தழும்பு முகங்கள் எத்தனை! இன்று அப்படி ஒரு இளம் முகம் இல்லை. 1975இல் இந்தியாவிலிருந்தும், 1980க்குள் உலகத்திலிருந்தும் பெரியம்மை ஒழிந்தது. அதற்காக நம் ஊழியர்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். சோவியத் ஒன்றியம் உலக இயக்கத்துக்கு 140 கோடி டோஸுக்கு மேல் தடுப்பு மருந்தை நன்கொடையாகக் கொடுத்தது. அங்கே யாரும் "நம் ஊர்க்காரரா?" என்று கேட்டு நிறுத்தியிருந்தால் நம் கதி என்ன?

பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் துன்பம் ஆழமாக இருக்கிற இடத்தில் அதே பணம் அதிகம் சாதிக்கும். மலேரியா ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பேரைக் கொல்கிறது. பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சிறு குழந்தைகள். 2000க்கும் 2015க்கும் இடையே அந்தக் கண்டத்தில் தவிர்க்கப்பட்ட மலேரியா நோய்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம், மருந்து தோய்த்த கொசுவலை. ஒரு வலையின் விலை சில நூறு ரூபாய்தான்.

நம்பிக்கை 5: ஏழை கையில் காசு கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவார்.

உண்மை: லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று 19 ஆய்வுகளைத் தொகுத்து உலக வங்கி 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பண உதவியால் மதுவும் புகையும் கூடியதாக அதில் தெரியவில்லை. கென்யாவின் சியாயா பகுதியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு, வீட்டுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் கைபேசி வழியாகவே போனது. பணம் வாங்கியவர் மட்டுமல்லாமல், வாங்காத பக்கத்து வீட்டுக்காரரின் நிலையும் உயர்ந்தது. விலைவாசி ஏறவில்லை என்றே சொல்லலாம். தன் வீட்டில் எது ஓட்டை என்று அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

நம்பிக்கை 6: வறுமையைப் போக்குவது அரசுகளின் வேலை.

உண்மை: இதில் பாதி நியாயம் இருக்கிறது. சீனாவிலும் இந்தியாவிலும் கோடிக்கணக்கானோர் கொடும் வறுமையிலிருந்து மீண்டது முதன்மையாகப் பொருளாதார வளர்ச்சியாலும் அரசுத் திட்டங்களாலும்தான். நன்கொடை அதற்கு ஈடாகாது. ஆனால் எல்லா அரசும் தன் வேலையைச் செய்வதில்லை. பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. இன்றுவரை அவை தரும் சராசரி அதில் ஏறக்குறைய பாதிதான். 2025 ஜூலை 1 முதல் அமெரிக்காவின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் தன் பணியை நிறுத்திக்கொண்டது. அரசுகள் மனம் மாறும்வரை காய்ச்சல் காத்திருக்காது. அரசைக் கேள்வி கேட்கவும் வேண்டும், கையிலிருந்து கொடுக்கவும் வேண்டும்.

நம்பிக்கை 7: கொடுத்தபின் கணக்குக் கேட்பது அழகல்ல.

உண்மை: கேட்காமல் விடுவதுதான் ஏழைக்குச் செய்யும் துரோகம். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேலே ஏறும் என்ற பம்பு ஒன்று 2000களில் தென் ஆப்பிரிக்காவிலும் மொசாம்பிக்கிலும் கொண்டாடப்பட்டது. கோடிக்கணக்கில் பணம் குவிந்தது. சாதாரணக் கைப்பம்பைவிட அதற்கு நான்கு மடங்கு விலை. பிள்ளைகள் சலித்துப் போனதும் பெண்கள்தான் குனிந்து அந்த ராட்டினத்தைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. முதலிலேயே அந்தப் பெண்களைக் கேட்டிருக்கலாம்.

இதற்கு மாறாக, ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களில் தடுப்பூசித் திட்டத்தை அளந்து பார்த்துச் செய்தார்கள். எதுவும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் நூற்றுக்கு 6. மாதந்தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. நல்லெண்ணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் முறையில் இருந்தது.

ஆகவே வரிச்சலுகை ரசீது வந்ததோடு திருப்தி அடைய வேண்டாம். அது வரிக்கான சான்று, பலனுக்கான சான்று அல்ல. யாருக்குப் போனது, என்ன மாறியது, எப்படி அளந்தீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சம்பளம் வந்ததும் வாடகை, பால் கணக்கு, சீட்டுப் பணம் என்று எடுத்துவைக்கும்போதே இதற்கும் நூற்றுக்கு ஒன்றாவது எடுத்துவையுங்கள். முடிந்தவர்கள் ஆண்டுதோறும் உயர்த்துங்கள். காப்பாற்ற வழி தெரிந்த காலத்தில், கையில் கொஞ்சமாவது உள்ள நமக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமல்ல. கொடுக்க வேண்டிய கடன்.