வீட்டில் குழந்தைகள் காப்பகமா? முதலில் செல்போனைத் தரைக்கு இறக்குங்க!

"அக்கா, சாயங்காலம் வரைக்கும் புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?" வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தாய்மார்கள் இப்படிக் கேட்டுக் கேட்டே பல வீடுகள் காப்பகமாக மாறுகின்றன. நல்ல விஷயம்தான். பொம்மையும் கலர் பாயும் அப்புறம் வாங்கலாம்; முதலில் வீட்டைத் தயார் செய்வோம்.

இதற்கு ஒரு சுலபமான பயிற்சி. செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பிடித்தபடி வாசலில் இருந்து பின்கட்டு வரை மெதுவாக நடங்க. பிறகு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்க. தவழும் குழந்தை பார்க்கும் வீடு அதுதான்!

வீடியோவில் என்ன தேடணும்?

• கைக்கு எட்டும் பிளக் பாயின்ட், தொங்கும் மிக்ஸி வயர், கொசு விரட்டி மெஷின்.
• கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயில், ஆசிட். குழந்தை அதை ஜூஸ் என்றே நினைக்கும்.
• வெற்றிலைப் பெட்டியில் உள்ள சுண்ணாம்பு. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.
• காசு, புளியங்கொட்டை, ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. பேட்டரியை விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஒரே அறை போதும்

வீடு முழுக்கக் குழந்தைகளை விட வேண்டாம். 10-க்கு 12 அடி ஹால் என்றால் 120 சதுர அடி. கட்டில், பீரோ, சோபா போக மீதி எவ்வளவு என்று டேப் வைத்து அளங்க. அந்த இடத்தைப் பார்த்துத்தான் எத்தனை குழந்தைகள் என்று முடிவு பண்ணணும். அடுப்படி வாசலில் ஒரு தடுப்பு வையுங்க. நீங்க அடுப்பருகில் நின்றாலும் ஹாலின் எல்லா மூலையும் தெரியணும். குழந்தை பிடித்து ஏறினால் சாயக்கூடிய பீரோ, அலமாரி, டி.வி. ஸ்டாண்டைச் சுவரோடு இறுக்கிவிடுங்க.

தண்ணீரில் கவனம்

பக்கெட்டில் சில அங்குலத் தண்ணீரே ஒரு சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்கும். சின்ன வயதில் தலைதான் கனம். குப்புற விழுந்தால் நிமிர முடியாது. சத்தமும் கேட்காது. அதனால் பக்கெட்டைக் கவிழ்த்தே வையுங்க. பாத்ரூம் கதவுக்கு வெளியே, எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்க. தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பூட்டு கட்டாயம்.

தூங்கும் மூலை

கைக்குழந்தையைத் தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்க. தூளி கட்டினால் பெரிய பிள்ளைகள் அதைப் பிடித்து ஆடாத இடமாக இருக்கணும். துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

செல்போனில் இருக்க வேண்டியவை

பெற்றோர் எண்கள், ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி எண் 1098. ஒவ்வொரு குழந்தையின் தடுப்பூசி அட்டையையும், சாயங்காலம் யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதையும் போட்டோவோடு பதிந்து வையுங்க. தொடங்கும் முன், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் என்னென்ன அனுமதி தேவை என்று நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வீடியோ ஒரு தடவை எடுத்தால் போதாது. தவழ்ந்த பிள்ளை எழுந்து நின்றதும், செல்போனை மூன்றடிக்கு உயர்த்தி மறுபடியும் ஒரு சுற்று வாங்க.