நாரி நோவும் நடையும்

2006இல் சம்பூரை விட்டு வெளியேறி, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் பல வருடங்கள் இருந்த குடும்பங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பியதும் பற்றை வெட்டுதல், கிணறு இறைத்தல், தண்ணீர் கான் சுமத்தல், சீமெந்துப் பை தூக்குதல் எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. இந்த வேலைகளில் நாரி பிடிப்பது சாதாரணம். ஆனால் நோ காலுக்கு இறங்கி நடை மாறினால் கவனியுங்கள்.

நடை ஏன் மாறுகிறது?
முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. குனிந்து, உடம்பைத் திருப்பிப் பாரம் தூக்கும்போது தட்டின் வெளிவளையம் கிழிந்து, உள்ளிருக்கும் மென்பகுதி பிதுங்கலாம். அது நரம்பை அழுத்தினால் பிட்டத்திலிருந்து பாதம்வரை நோ அல்லது விறைப்பு வரும். அதனால் ஒரு பக்கம் சாய்ந்தும், எட்டுகளைக் குறுக்கியும், நோகும் காலில் பாரம் கொடுக்காமலும் நடப்பீர்கள்.

வீட்டில் பாருங்கள்
சுவரைப் பிடித்தபடி குதிக்காலால் சில அடி நடவுங்கள். பாதத்தின் முன்பகுதி உயராவிட்டால் ஐந்தாவது நாரி நரம்பு பலவீனப்பட்டிருக்கலாம். அப்படியானவர்களுக்குச் செருப்புக் கழன்று போகும், வாசற்படியில் விரல் தட்டும். பிறகு ஒவ்வொரு காலாக நுனிக்காலில் எழும்புங்கள். முடியாவிட்டால் அதற்குக் கீழுள்ள நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

செய்ய வேண்டியவை
- நாட்கணக்காகப் படுத்திருக்க வேண்டாம். குறுகிய தூரம், பல தடவை நடவுங்கள். பெரும்பாலானோருக்கு ஆறு கிழமையளவில் சத்திரசிகிச்சை இல்லாமலே நோ குறைகிறது.
- 50 கிலோ சீமெந்துப் பையை இருவராகத் தூக்குங்கள்.
- தண்ணீரை இரு சிறிய கான்களில், கைக்கு ஒன்றாகக் கொண்டு வாருங்கள்.
- முழங்காலை மடித்து, பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.
- கால் விறைத்திருந்தால் நாரியை அழுத்தி உருவ விடாதீர்கள்.

பொறுத்திருக்கக் கூடாதவை
பாதம் இழுபட்டால் தாமதிக்காமல் மூதூர் தள வைத்தியசாலைக்கோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ செல்லுங்கள். சிறுநீர் அடைத்தல், மலசலம் அடக்க முடியாமை, தொடைகளுக்கு நடுவில் விறைப்பு, இரு கால்களும் சோர்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே போக வேண்டும். இரவானாலும் 1990ஐ அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். அதற்குப் பணம் இல்லை. அரசாங்க வைத்தியசாலையிலும் சிகிச்சை இலவசம்.

வீட்டு வேலையைப் பிறகும் முடிக்கலாம். நீண்ட நேரம் நசிந்த நரம்பு பழையபடி வராமல் போகலாம்.