விட்ட இடத்திலிருந்து தொடரும் ஃபங்ஷன்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. இதுபோன்ற தொலைநோக்கிகளில் வானத்தைப் படமெடுப்பது சிசிடி கேமரா. ஒரு படம் 1024 x 1024 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்று வைத்துக்கொள்வோம். படத்துக்கு 2 எம்பி. 1000 படங்களுக்குச் சுமார் 2 ஜிபி! எல்லாவற்றையும் மெமரியில் ஏற்றினால், 4 ஜிபி ராம் உள்ள வீட்டுக் கணினியில் பாதி அதற்கே போய்விடும்.

இங்கே கைகொடுப்பது ஜெனரேட்டர். சாதாரண ஃபங்ஷன் விடையை ரிட்டர்ன் செய்ததும் முடிந்துவிடும். மறுபடி அழைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஜெனரேட்டரோ ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு, நின்ற இடத்தையும் வேரியபிள்களின் மதிப்பையும் நினைவில் வைத்துக் காத்திருக்கும். அடுத்ததைக் கேட்டால் அங்கிருந்தே தொடரும். எனவே ஒரு சமயத்தில் ஒரு படத்துக்கான இடம் போதும்.

இப்படி நின்று தொடரும் ஃபங்ஷன்களின் பொதுப் பெயர் கோரூட்டீன். 1958-ல் பெயர் சூட்டியவர் மெல்வின் கான்வே. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2020 பதிப்பில் இவ்வசதி வந்தது. ஆயத்த ஜெனரேட்டர் 2023 பதிப்பில் சேர்ந்தது.

ஒன்றை மறக்காதீர்கள்: கடந்துபோன படத்தை ஜெனரேட்டர் திருப்பித் தராது. சராசரி காண இது ஏற்றது. படங்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்க அல்ல.