கேமராவுக்குப் பின்னால் காணாமல் போகும் மாணவர்கள்

கேள்வி: காஞ்சிபுரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். நேரில் என் குரல் கேட்டாலே அடங்கிவிடும் பிள்ளைகள், ஆன்லைன் வகுப்பில் கேமராவை ஆஃப் செய்துவிட்டுக் காணாமல் போகிறார்கள். என்.பி.டி.இ.எல். என்ற இணையவழித் திட்டத்தின் பாடம் ஒன்றுக்கும் என்னை மென்டராகப் போட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் அசைன்மென்ட்டே போடுவதில்லை. கண்டிப்பைக் கூட்டுவதா, விட்டுப் பிடிப்பதா?
– வாசகி, காவாந்தண்டலம்

பதில்: கண்டிப்பு இங்கே பலிக்காது. வகுப்பறையில் கடைசி பெஞ்சில் ஒருவன் குனிந்தால் உங்களுக்குத் தெரியும்; அது அவனுக்கும் தெரியும். உங்கள் அதட்டலின் பலமே அதுதான். ஆன்லைனில் அட்டெண்டன்ஸைக் காட்டி மிரட்டினால், பெயரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வெளியே போய்விடுவார்கள்.

விட்டுப் பிடிப்பது அதைவிட மோசம். தலைமைப் பண்பை ஆராய்ந்த பெர்னார்ட் பாஸ், ஒதுங்கி நிற்பதைத் தலைமை இல்லாமை என்றே கணக்கிட்டார். தூரத்தில் இருக்கும் மாணவனுக்கு ஆசிரியரின் மௌனம் சுதந்திரமாகத் தெரியாது, கைவிட்டதாகத்தான் தெரியும்.

கேமரா போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒரே போனை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் பிடிக்கும் வீடுகள் உங்கள் பக்கமே இருக்கும். 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த தினம் 2 ஜிபி டேட்டா நான்கு மாதத்தோடு முடிந்தது. இப்போது செலவாவது அவர்கள் காசு. கனடாவில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் உள்ளிட்டோர் 2001-இல் எழுதிய ஆய்வில், பாடத்தைத் திட்டமிடுவது, பேச்சை வழிநடத்துவது, நேரடியாக விளக்குவது ஆகிய மூன்றின் வழியாகத்தான் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் 'இருக்கிறார்' என்று சொன்னார்கள். முகம் அந்தப் பட்டியலில் இல்லை.

என்.பி.டி.இ.எல்.லில் பாடத்தை வேறொருவர் நடத்தி முடித்துவிட்டார். கெடுவும் மார்க்கும் அங்கேயே முடிவாகிவிட்டன: அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஆனால் 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். இரண்டு வாரம் தவறவிட்ட மாணவன் 'இனிமேல் போட்டு என்ன பயன்' என்று உட்கார்ந்திருப்பான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நாலு வாரம் வரைக்கும் போனாலும் பரவாயில்லை, இந்த வாரத்திலிருந்து போடு" என்று சொல்ல உங்களைத் தவிர ஆளில்லை. மென்டர் வேலையே இதுதான் என்பேன். குரூப்பில் பொதுவாகப் போடும் எச்சரிக்கையை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. தனியாக வரும் ஒரு போனை எடுத்துக்கொள்வார்கள்.

டவுட்டுக்கு என்றைக்குப் பதில் சொல்வீர்கள் என்று நாள் குறித்து அறிவியுங்கள், அதைத் தவறவிடாதீர்கள். ஒருவருடைய டவுட்டுக்கு இன்னொருவரைப் பதில் சொல்லச் சொல்லுங்கள்; தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்துங்கள்.

இன்னொன்று. என்.பி.டி.இ.எல். பாடத்தில் சேருவது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். கடைசி நாளுக்கு முன்பே, கட்ட முடியாதவர்கள் யார் என்று ஒவ்வொருவரிடமும் தனியே விசாரித்துவிடுங்கள்.