அகதி முகாமில் சொல்லும் ஒரு மருந்தே



அகதி முகாம் என்றதும் உங்கள் மனக்கண்முன் எவை தோன்றுகின்றன? கூடாரங்கள், அரிசி மூடைகள், தண்ணீர்ப் பவுசர், மருந்துப் பெட்டிகள். இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் இந்தப் பட்டியலில் சேர்க்க நாம் மறந்துவிடும் ஒன்று உண்டு. அதுதான் செய்தி. எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் முதலில் என்ன கொடுக்கவேண்டும், எந்த நிலையில் வைத்தியரிடம் ஓடவேண்டும் என்னும் செய்தி. மருந்து பக்கத்திலேயே இருந்தும், அதைப் பற்றிய சொல் தாயின் காதுக்கு எட்டாமையால் பிள்ளை இறந்துபோவதுண்டு. சொல் காதுக்கு எட்டியும், நம்பிக்கை பிறவாமையால் இறந்துபோவதும் உண்டு. இதனை நடந்த வரலாறு ஒன்றிலிருந்து படிப்போம்.

பங்காவோன், 1971

1971 மார்ச் மாத இறுதியில் கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்காளதேசத்தில், இராணுவத்தின் கொடிய அடக்குமுறை தொடங்கிற்று. உயிர்தப்ப எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தோர் தொகை அவ்வாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1 கோடி. மழைகாலமும் சேர்ந்தது. நெருக்கமும் அசுத்த நீரும் இருக்குமிடத்தில் வாந்திபேதி வராதிருக்குமா?

வாந்திபேதி எவ்வாறு கொல்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். உடலிலுள்ள நீரும் உப்பும் வயிற்றோட்டமாகவும் வாந்தியாகவும் வெளியேறிவிடுகின்றன. திடகாத்திரமான ஒருவர்கூடச் சில மணி நேரத்தில் இறந்துவிடலாம். இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார். அக்காலத்தில் இதற்குப் பெரும்பாலும் கைக்கொண்ட வழி, ஊசி மூலம் நாளத்தில் சேலைன் ஏற்றுவதே.

எல்லையோர நகரான பங்காவோனின் வைத்தியசாலையில் வாந்திபேதி நோயாளருக்கு இருந்தவை இரண்டு அறைகள், 16 கட்டில்கள். நோயாளர் தரையெங்கும் கிடந்தனர். சேலைன் போத்தல்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஊசி ஏற்றப் பழகிய கைகளும் போதவில்லை.

உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தாலே பெரும்பாலானோரைக் காப்பாற்றலாம் என்று 1968இல் டாக்காவில் ஆய்வாளர் கண்டிருந்தனர். குடலில் சர்க்கரை உப்பையும் நீரையும் தன்னுடன் இழுத்துச் சென்று உடலில் சேர்க்கின்றது. ஆனால் வைத்தியர்களில் பலர் இதனை முகாம்களில் நம்பிச் செய்யலாம் என்று எண்ணவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்து அங்கு பொறுப்பேற்றிருந்த டாக்டர் திலீப் மகாலனாபிஸ் துணிந்து முடிவெடுத்தார். ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கல்கத்தாவில் பொடி கலந்து, பொலித்தீன் பைகளில் அடைத்து, பயன்படுத்தும் முறையையும் பையில் எழுதி அனுப்பினர். கலந்த நீரைப் பெரிய பீப்பாக்களில் வைத்தனர். தாயும் தமக்கையும் கணவனும் குவளையில் பிடித்துச் சென்று தம் நோயாளருக்குத் தாமே ஊட்டினர்.

இதன் பயன் என்ன? இதற்குமுன் முகாம்களில் நோயுற்றோரில் நூற்றுக்கு 30 பேர்வரை இறந்தனர். இம்முறையில் சிகிச்சை பெற்றோரில் இறந்தவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு.

இங்கே நாம் சிறப்பாக அவதானிக்கவேண்டியது ஒன்றுண்டு. பொடியைக் கலக்கியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. உப்பும் குளுக்கோசும் கலக்கும் முறையைத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு எல்லை நெடுகிலும் பரப்பினர். விடுதலைப் போராளிகளின் இரகசிய வானொலியிலும் அது ஒலிபரப்பாயிற்று. வைத்தியர் போகமுடியாத இடத்துக்கும் சொல் போயிற்று.

முதலாம் பாடம்: தெரிந்த பெயரால் சொல்லுங்கள்

ஊசி ஏற்றினால்தான் வைத்தியம், தண்ணீர் குடிப்பது வைத்தியமாகுமா என்று சனங்கள் ஐயுறுவது இயல்பு. வங்காள மக்கள் இம்மருந்தை இன்றும் ‘காபார் சேலைன்’ என்றே அழைக்கின்றனர். ‘உட்கொள்ளும் சேலைன்’ என்பது அதன் பொருள். சேலைன் உயிர்காக்கும் என்பது அவர்கள் முன்பே அறிந்தது. அறிந்த சொல்லின் துணையால் அறியாத மருந்து வீட்டுக்குள் நுழைந்தது.

இரண்டாம் பாடம்: கையில் உள்ளதைக் கொண்டு செய்யச் சொல்லுங்கள்

நாடு திரும்பிய அகதிகளுக்கு உதவுவதற்காக 1972இல் வங்காளதேசத்தில் எழுந்தது ‘பிராக்’ என்னும் நிறுவனம். 1980 தொடக்கம் பத்தாண்டுகளில் அதன் பெண் ஊழியர்கள் 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, தாய்மாருக்கு இக்கரைசலைச் செய்யக் கற்பித்தனர். தராசும் அளவுக் கரண்டியும் இல்லாத வீடுகள் அவை. ஆகவே மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச்சேர் தண்ணீர் என்று கையையே அளவாக்கினர். தாய் தன் கையாலேயே கலக்கிக் காட்டவேண்டும். பின்னொரு நாள் வேறொருவர் சென்று சோதிப்பார். தாய்மார் எவ்வளவு நன்றாக நினைவில் வைத்திருந்தனரோ அதற்கேற்பவே ஊழியருக்குச் சம்பளம். ‘நான் சொன்னேன்’ என்பது போதாது; ‘அவள் செய்கிறாள்’ என்பதே கணக்கு.

மூன்றாம் பாடம்: சொல்பவர் முதலில் நம்பவேண்டும்

தொடக்கத்தில் தாய்மார் பலர் சரியாகக் கலக்கப் பழகியும், பிள்ளைக்கு வருத்தம் வந்தபோது கொடுக்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்த ஊழியரில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது வெளிப்பட்டது. தமக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர்களும் வேறு மருந்தையே நாடினர்! பிறகு அவர்களுக்கு மருந்தின் பயனை நேரில் காட்டி விளக்கினர். ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களிடம் மட்டும் பேசியது மற்றொரு குறை. பின்னர் சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களையும் கூட்டிப் பேசினர்.

நான்காம் பாடம்: உண்மையை மறைத்தால் வதந்தி ஆளும்

2017 ஆகஸ்ட் 25க்குப் பின் மியன்மாரிலிருந்து 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்காளதேசத்தின் கொக்ஸ் பசார் மாவட்டத்துக்கு ஓடிவந்தனர். பெரும்பாலானோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. உள்ளூர் ஊழியரின் சிட்டகொங் பேச்சும் அவர்கள் பேச்சும் நெருங்கியவைதாம். ஆயினும் எல்லாச் சொல்லும் ஒன்றல்ல. ஒட்டப்பட்ட அறிவித்தல் அங்கு என்ன செய்யும்? வாய்மொழியாகவும் ஒலிப்பதிவாகவும் சொல்லவேண்டியதாயிற்று.

2019 செப்டெம்பர் முதல் 2020 ஆகஸ்ட் வரை அம்முகாம்களில் கைத்தொலைபேசி இணையத் தொடர்பு கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதற்கிடையில் கொரோனா வந்தது. நோய் கண்டவரைக் கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள் என்ற வதந்தி பரவிற்று. வீட்டையும் உறவையும் பறிகொடுத்து வந்த மக்கள் அதை நம்பியதில் வியப்பென்ன? பயந்தவர் நோயை மறைப்பார். மறைத்த நோய் பரவும். ஆகவே நோயாளியை எங்கே கொண்டுபோகிறோம், உடன் யார் நிற்கலாம், எப்போது திரும்பலாம் என்பதை முன்னரே சொல்லிவிடவேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வேண்டும். வதந்தி பேசுபவரை ஏசுவதால் பயனில்லை. அதற்குள் இருக்கும் பயம் எது என்று கேட்டறிந்து அதற்கு மறுமொழி சொல்லுங்கள்.

நமக்கு இதனால் என்ன?

ஆலய வளவிலும் பாடசாலை மண்டபத்திலும் பாயை விரித்து இரவைக் கழித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! 1990, 1995, 2004, 2009 என்று ஆண்டைச் சொன்னாலே போதும், இடங்கள் நினைவுக்கு வரும். வெள்ளமும் புயலும் இன்றும் நம்மை முகாமுக்கு அனுப்புகின்றன. அவ்வேளையில் ஒலிபெருக்கியைக் கையில் எடுப்பவர் நீங்களாகவும் இருக்கலாம். ஒரே வேளையில் பத்து விடயங்களை அறிவிக்காதீர்கள். இன்றைக்கு மிக அவசியமான ஒன்றைச் சொல்லுங்கள். சொல்லிய பின் முகாமைச் சுற்றி நடந்து, நான்கு தாய்மாரிடம் “என்ன விளங்கிற்று?” என்று கேளுங்கள். அவர்கள் தரும் மறுமொழியே உங்களுக்குப் பரீட்சை.

இன்றே பழகுங்கள்

வயிற்றோட்டத்துக்கு மருந்துக் கடையில் ‘ஜீவனி’ என்று கேட்டு வாங்கும் பொடியே மிகச் சிறந்தது. அது கிடைக்காத வேளையில், கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிட உவர்த்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஒரு நாளுக்குமேல் வைக்காதீர்கள். சிறிது சிறிதாகப் பருக்குங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளையின் கண் குழிவிழுந்தால், சலம் போகாவிட்டால், சோர்ந்து கிடந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

டாக்டர் மகாலனாபிஸ் 2022 ஒக்ரோபரில் காலமானார். பங்காவோனில் அவர் கொடுத்தது உப்பும் சர்க்கரையும் தண்ணீரும். அவை எந்த வீட்டிலும் உண்டு. இல்லாதிருந்தது அவற்றைக் கலக்கச் சொல்லும் சொல் ஒன்றே.

கலந்துரையாடுக

1. உங்கள் ஊர் மக்கள் நாளை ஒரு பாடசாலையில் தங்கநேர்ந்தால், சுகாதாரச் செய்தியை யார் சொன்னால் நம்புவர்? ஏன்?

2. வாசிக்கத் தெரியாதோர், காது கேளாதோர், மற்ற மொழி பேசுவோர் அங்கிருந்தால் அவர்களுக்கு எவ்வாறு சொல்வீர்கள்?

3. கடந்த இடப்பெயர்வின்போது நீங்கள் கேட்ட வதந்தி ஒன்றை நினைவுகூருக. அதன் பின்னிருந்த பயம் எது?