ஸ்க்ரூவைத் தொடாதே, முதலில் ஒயரைப் பார்

திருவெறும்பூர்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். உன் சைக்கிளில் பின் கியர் சரியாக விழவில்லை என்று அப்பா சொன்னார். லிவரைத் தட்டி இரண்டு மூன்று மிதி மிதித்த பிறகுதான் செயின் நகர்கிறதாம். கடையில் காட்டியதற்கு, செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற டீரெய்லரையே மாற்றச் சொன்னார்களாம். மாற்றாதே. வருடக்கணக்கில் ஓடிய சைக்கிளில் இந்தக் கோளாறு பெரும்பாலும் டீரெய்லரில் இருக்காது. அதற்குப் போகிற ஒயரில்தான் இருக்கும், அதிலும் கடைசி ஒரு முழத்தில். உட்கார்ந்து பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

தாத்தா காலத்து சைக்கிளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1965-இல் இங்கே பெல் தொழிற்சாலை தொடங்கியது. அந்தக் காலத்தில் ஷிஃப்டுக்குப் போனவர்கள் மிதித்த ஹெர்குலிஸ், ராலே எல்லாம் ஒரே பல்சக்கரம், ஒரே நேர்கோட்டுச் செயின். மண்ணும் மழையும் பட்டாலும் சத்தம் போட்டுக்கொண்டே ஓடும். பதினோராம் வகுப்பில் உன் தோழிகளுக்கு அரசு கொடுத்த சைக்கிளும் அந்த ஜாதிதான். நம் தெருமுனைக் கடைக்காரர் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். கியர் சைக்கிள் அவரிடம் எப்போதாவதுதான் வருகிறது, அதனால் அவர் தடுமாறுவது தப்பில்லை.

உன் சைக்கிளின் ஏழு பல்சக்கரங்களும் சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கியிருக்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போக டீரெய்லர் அந்த 5 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதற்கு லிவர் இழுக்கிற ஒயரின் நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். ஒயர் எங்காவது சிக்கி ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால், சக்கரத்தருகே அது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் பிசகாகிவிடும். செயின் இரண்டு பல்லுக்கும் நடுவில் நின்று கடகடவென்று அரைப்பது அதனால்தான். பழைய கியர் லிவர்களில் 'கிளிக்' கிடையாது. ஓட்டுகிறவர் கைப்பக்குவத்தில் நகர்த்தி, சத்தம் நின்றதும் விட்டுவிடுவார். 1984-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தன் டியூரா-ஏஸ் வரிசையில் கிளிக் முறையைக் கொண்டுவந்த பிறகு, கை செய்த அந்தத் திருத்தத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டது. இயந்திரம் கணக்கு மட்டும் பார்க்கும், சத்தம் கேட்டுத் திருத்திக்கொள்ளாது. ஒயர் சுத்தமாக ஓடினால்தான் அதன் கணக்கு சரிவரும்.

இப்போது சோதனை. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்து. ஸ்டாண்டு தூக்காவிட்டால் சீட்டை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடு. ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே கியரை ஒவ்வொன்றாக மாற்று. எந்தப் பக்கம் போகும்போது தாமதம் என்று கவனி. எனக்கு முக்கியமான கேள்வி இது ஒன்றுதான். பெரிய பல்லுக்கு ஏற்றும்போது உன் கட்டைவிரல்தான் ஒயரை இழுக்கிறது. அந்த பலத்துக்கு எந்தத் துருவும் வழிவிட்டுவிடும். சின்னப் பல்லுக்கு இறங்கும்போது இழுப்பது டீரெய்லருக்குள் இருக்கிற ஒரு சின்ன ஸ்பிரிங். அதன் பலம் கொஞ்சம்தான். ஆகவே ஏறும்போது சரியாக ஏறி, இறங்கும்போது மட்டும் சுணங்கினால் ஒயர் எங்கோ உரசுகிறது என்று பொருள். இறங்கும்போது சரியாக இறங்கி, ஏறும்போது தயங்கினால் ஒயர் தொய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் தாறுமாறாக இருந்தால் டீரெய்லர் மாட்டியிருக்கிற கொக்கி வளைந்திருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

உரசலை நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெடலைச் சுற்றிச் செயினைப் பெரிய பல்லில் ஏற்று. சுற்றுவதை நிறுத்து. பெடலைத் தொடாமல் லிவரை மட்டும் சின்னப் பல்லுக்குக் கொண்டுபோ. செயின் நகராது, ஆனால் ஒயர் முழுதும் தளர்ந்துவிடும். இப்போது ஃப்ரேமில் ஒயரின் மேலுறையான அவுட்டர் உட்கார்ந்திருக்கிற குமிழ்களில் பிளவு இருந்தால், அவுட்டரை அதிலிருந்து வெளியே எடுத்துவிடலாம். எதையும் கழற்ற வேண்டாம். பிளவு இல்லாத குமிழ் என்றால் டீரெய்லர் போல்ட்டைத் தளர்த்தி ஒயரை உருவ வேண்டியிருக்கும்.

கடைசியில் பின்சக்கரத்தருகே வளைந்து இறங்குகிற அவுட்டரைப் பிடித்து ஒயரின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பார். நல்ல ஒயரில் அது தன் எடையிலேயே சறுக்கும். கெட்டதில் நறநறவென்று கையில் தெரியும், ஒரு இடத்தில் நின்று பிறகு குதிக்கும். அவுட்டரை ஒதுக்கிவிட்டு உள்ளே மறைந்திருந்த பகுதியை வெள்ளைத் துணியால் துடை. செம்மண் நிறத்தில் ஒரு கோடு துணியில் விழும். தஞ்சாவூர் ரோட்டு லாரிப் புழுதியும் ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீரும் சேர்ந்த சேறு அது. அந்த வளைவுதான் முழு ஒயரிலும் தாழ்ந்த இடம், மேலிருந்து வடிகிற தண்ணீர் வந்து தங்குவது அங்கேதான். இழைகளில் ஒன்றிரண்டு அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார். இருந்தால் எண்ணெய் விட்டுப் பிரயோஜனமில்லை. உள்ளே ஓடுகிற ஒயரான இன்னரும் அவுட்டரும் புதிதாகவே வேண்டும். இரண்டும் சேர்ந்தாலும் புது டீரெய்லரின் விலை வராது.

வாங்கும்போது ஏமாந்துவிடாதே. பிரேக் அவுட்டரும் கியர் அவுட்டரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வெட்டிய முனையைப் பார். பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். சுருள் கம்பி அழுத்தினால் லேசாகச் சுருங்கும். கியர் ஒயருக்கு அந்தச் சுருக்கமே ஒரு மில்லிமீட்டரைத் தின்றுவிடும். மாறாக, கியர் அவுட்டரைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடக்கூடாது. பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது அது பிளந்துகொள்ளும். இன்னரில் கியருக்கு 1.2 மில்லிமீட்டர் தடிமன் கேள்.

அவுட்டரைச் சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டாதே. முனை மூடிக்கொண்டால் புது ஒயரும் முதல் நாளே உரசும். ஒரு பக்கம் பெல், இன்னொரு பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கிற ஊரில் நல்ல கட்டருக்கும் அரத்துக்கும் பஞ்சமில்லை, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கு. வெட்டிய பின் முனையை அரத்தால் மட்டமாக்கு. உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் குழாயை ஊசியால் விரித்துவிடு. பிறகு முனைக்குத் தொப்பி மாட்டு. கடைசி வளைவு பழையது இருந்த நீளமே இருக்கட்டும். குட்டையானால் முறுக்கும், நீண்டால் ஆடும்.

ஒயர் கழன்றிருக்கும்போதே லிவரையும் சோதித்துவிடு. இன்னரைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கிளிக் செய். பல் பல்லாகத் தெளிவாக விட்டால் நல்லது. வழவழவென்று நழுவினால் உள்ளே பழைய கிரீஸ் காய்ந்துவிட்டது. துருநீக்கி ஸ்பிரே கொஞ்சம் அடித்து நாலைந்து முறை ஆட்டினாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

டீரெய்லரைப் பழைய பல் பிரஷும் டீசலும் கொண்டு தேய். நாலு மூட்டிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டு, வழிவதைத் துடை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் புழுதியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

இனி கொக்கி. சைக்கிளுக்கு நேர் பின்னால் குனிந்து, கண்ணைப் பல்சக்கரத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார். டீரெய்லரில் இருக்கிற இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே இருக்கிற பல்லும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். கீழ்ச்சக்கரம் உள்ளே, ஆரக்கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தால் சைக்கிள் வலது பக்கம் விழுந்திருக்கிறது. ஸ்கூல் சைக்கிள் ஸ்டாண்டில் ஒன்று சாய்ந்தால் வரிசையே சாயும், நீ அறியாமலே நடந்திருக்கும். உன்னுடையது போன்ற சைக்கிள்களில் இந்தக் கொக்கி தனி இரும்புத் தகடாக அச்சு நட்டோடு சேர்ந்து நிற்கும். டியூப் மாற்றச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் தகட்டைச் சரியாக உட்கார வைக்காவிட்டாலும் இதே கோணல் வரும். அப்படியானால் நட்டைத் தளர்த்தி, தகட்டை அதன் குழியில் உட்கார வைத்து இறுக்கினால் தீர்ந்தது. இரும்பு வளைந்திருந்தால் நிமிர்த்தலாம். அலுமினியம் என்றால் புதிது வாங்கு, நிமிர்த்தினால் ஒடியும்.

டீரெய்லரில் எச், எல் என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கும். எல்லோருடைய கையும் முதலில் போவது அங்கேதான், எனக்கு அதில்தான் கோபம். அவை செயின் எதுவரை போகலாம் என்கிற எல்லைக் கற்கள், அவ்வளவுதான். கியர் வேகமாக விழுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எல் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் செயின் பெரிய பல்லைத் தாண்டி ஆரக்கம்பிக்குள் போய் மாட்டும். ஓடும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். முன்பு சரியாக இருந்த எல்லை தானாக மாறாது, விட்டுவிடு.

நீ திருக வேண்டியது ஒயர் நுழைகிற இடத்தில் விரலால் திருகும் குமிழை. சில சைக்கிளில் அது லிவர் பக்கம் இருக்கும். புது ஒயரைச் சின்னப் பல்லில் வைத்து இழுத்துக் கட்டியபின், ஒரு கிளிக் கொடு. இரண்டாம் பல்லுக்கு ஏறத் தயங்கினால், பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கமாகக் கால் சுற்று. இறங்கத் தயங்கினால் வலப்பக்கமாகக் கால் சுற்று. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

செயினை மறக்காதே. ஓர் ஆணியின் நடுவிலிருந்து இருபத்து நான்காவது கண்ணி தாண்டிய ஆணியின் நடுவரை இரும்பு ஸ்கேலால் அள. சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்று. எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்துவிட்டது. புதுச் செயின் மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் மெயின் ரோட்டில் சோதிக்காதே. கைலாசபுரம் டவுன்ஷிப் தெருக்களில் ஓட்டிப் பார். புது ஒயர் ஒரு வாரத்தில் கொஞ்சம் தொய்யும், அப்போது குமிழை மறுபடி இடப்பக்கமாகக் கால் சுற்று. அதற்குப் பிறகும் தகராறு செய்தால், எந்தப் பல்லிலிருந்து எந்தப் பல்லுக்கு, ஏறும்போதா இறங்கும்போதா என்று குறித்து அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா