டிரம்மைத் திறப்பதற்கு முன்

கெமிஸ்ட்ரியில் டிப்ளோமாவோ டிகிரியோ முடித்துவிட்டு ஈப்போவில் வேலை தேடுகிறீர்களா? தொழிற்சாலைக்குள் போய், சந்தேகத்துக்குரிய கழிவைச் சோதித்து சேம்பிள் எடுக்கும் வேலையைத் தட்டிக்கழிக்காதீர்கள். அழுக்கு வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கினால் லாபம் உங்களுக்குத்தான். ஆனால் டிரம்மைத் திறக்க யாராலும் முடியும். எடுத்த சேம்பிளை எதிர்த்தரப்பு வக்கீல் முன்னால் நிலைநிறுத்தத் தெரிந்தவரைத்தான் கம்பெனிகள் தேடும்.

1. உள்ளூர்க் கதையைத் தெரிந்துகொண்டு இண்டர்வியூவுக்குப் போங்கள். லாஹாட் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலை, வெள்ளீயச் சுரங்கங்களில் மிஞ்சிய அமாங் மணலிலிருந்து கிடைக்கும் மோனசைட் என்ற தாதுவிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்தது. கூடவே தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவும் வந்தது. 1984 கடைசியில் ஜப்பானியப் பேராசிரியர் சாடாவ் இச்சிகாவா நேரில் வந்து, ஆலையைச் சுற்றிக் கதிர்வீச்சை அளந்தார். அடுத்த ஆண்டு ஊர்மக்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992 ஜூலையில் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1994இல் கம்பெனியே ஆலையை மூடுவதாக அறிவித்தது. அந்த வழக்கு நெடுகிலும் மோதிக்கொண்டவை இரு தரப்பு நிபுணர்களின் அளவீடுகள்தான். யார் அளந்தார், எங்கே, எந்தக் கருவியால் என்ற கேள்விகளுக்கு உங்கள் நோட்டில் பதில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பேராக்கில் இல்லை. இன்னொன்று: அமாங் புழங்கிய இடம் என்றால் கதிர்வீச்சு சர்வே மீட்டர் இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். ரீடிங் ஏறினால் பின்வாங்கி, அணுசக்தி அதிகாரிகளுக்குத் தகவல் கொடுங்கள்.

2. முதலில் பேப்பர், பிறகுதான் டிரம். 2005ஆம் ஆண்டு ஷெட்யூல்ட் வேஸ்ட் விதிகளின்படி கழிவை 180 நாள் வரை வைத்திருக்கலாம். அளவும் 20 டன்னைத் தாண்டக்கூடாது. லேபிளில் கழிவு உண்டான தேதி இருக்கிறதா? இன்வென்டரியில் அதே தேதிதானா? கொள்முதல் பில்லையும் கேளுங்கள். மாதாமாதம் பெயிண்ட் வாங்கும் கம்பெனியின் கணக்கில், எஸ்டபிள்யூ 409 என்ற கோடில் வரவேண்டிய அசுத்தமான காலி டின் ஒன்றுகூட இல்லை என்றால், அன்றைய ஆய்வை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிட்டது. இந்தக் கண் உள்ளவரைத்தான் சீனியர்கள் அடுத்த சைட்டுக்கும் கூட்டிப்போவார்கள்.

3. காற்று வரும் திசையில் நில்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். மூடிக்கிடந்த ஸ்டோர் என்றால் முதலில் கேஸ் மீட்டர். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறேன் என்று சூப்பர்வைசர் முன்னால் வீரம் காட்டாதீர்கள். மேல்மூடி புடைத்து நிற்கும் டிரம்மைத் தொடவே வேண்டாம். உள்ளே பிரஷர் ஏறியிருக்கிறது. அதைத் திறக்க வேறு டீம், வேறு கருவி.

4. சேம்பிள் எடுப்பதில்தான் கைத்திறன் தெரியும். டிரம்மின் மேல்பகுதியில் மட்டும் மொண்டு எடுத்தால் கிடைப்பது எண்ணெய்தான். நடுவில் தண்ணீர் இருக்கும், அடியில் சேறு. கோலிவாசா என்ற நீளமான குழாயை மெதுவாக, உள்ளே ஏறும் திரவமட்டம் வெளியே உள்ள மட்டத்தோடு சமமாக இருக்கும்படி இறக்குங்கள். அடி தட்டியதும் மூடி, நேராகத் தூக்குங்கள். கண்ணாடிக் குழாயில் அடுக்கு அடுக்காக நிற்பதை போட்டோ எடுத்த பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள். எளிதில் ஆவியாகும் ரசாயனத்துக்குக் கண்ணாடி வயல், உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. உலோகச் சோதனைக்கு பிளாஸ்டிக் பாட்டில். ஒவ்வொரு டிரம்முக்கும் புதுக் குழாய், புதுக் கையுறை. செலவு ஆகிறதே என்று முகம் சுளிக்கும் மேனேஜரிடம், ஒரு டிரம்மின் கழிவு இன்னொன்றில் கலந்தால் இரண்டு ரிசல்ட்டும் வீண் என்று நேராகச் சொல்லுங்கள்.

5. சீல், லேபிள், நேரம், கையெழுத்து, ஐஸ் பெட்டி. சேம்பிள் உங்கள் கையிலிருந்து டிரைவர் கைக்கும், அங்கிருந்து லேப் கைக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் ஃபார்மில் பெயர் ஏற வேண்டும். அரைமணி நேரம் யார் கையில் இருந்தது என்று தெரியாத பாட்டிலை எந்த வக்கீலும் விடமாட்டார். முடிந்தால் சேம்பிளை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கம்பெனியிடமே கொடுங்கள்.

6. கைவிடப்பட்ட பழைய தோட்டங்களை மறக்காதீர்கள். பால்மரத்தை அழித்துவிட்டு வீடும் தொழிற்பேட்டையும் எழுப்பிய நிலம் சுங்கை சிப்புட், செம்மோர் பக்கம் உண்டு. ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் களைக்கொல்லியாக அடித்தது சோடியம் ஆர்சனைட். ஆர்சனிக் மட்கிப் போகாது, மண்ணிலேயே தங்கும். ஆகவே பழைய மருந்து ஸ்டோர் எங்கே இருந்தது, டிரம்மை எங்கே கழுவினார்கள் என்பதைத் தேடிப்பிடித்து அந்த இடத்து மண்ணை எடுங்கள். எஸ்டேட் மேப்பில் இல்லாததை மருந்தடித்த பாட்டிமார் விரல்நீட்டிக் காட்டிவிடுவார்கள். அவர்களிடம் தமிழில் உட்கார்ந்து பேசத் தெரிந்தது உங்கள் பலம். அதை ரெஸ்யூமேயில் எழுத வெட்கப்படாதீர்கள். கவசம் இல்லாமல் அந்த விஷத்தைச் சுமந்தவர்கள் அவர்கள். சொல்வதை மரியாதையோடு குறித்துக்கொள்ளுங்கள்.

7. வேலையில் சேர்ந்ததும் செப்ஸ்வாம் சான்றிதழுக்குப் படிக்கத் தொடங்குங்கள். ஷெட்யூல்ட் வேஸ்ட் நிர்வாகத்துக்குத் தகுதிபெற்றவர் என்று காட்டும் சான்றிதழ் அது. சம்பளம் பேசும்போது கைகொடுக்கும். ரிப்போர்ட்டை மலாயில் பிழையில்லாமல் எழுதப் பழகுங்கள். சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் போகும் கடிதத்தை யார் எழுதுகிறாரோ, அவர் பெயர்தான் மேலிடத்துக்குத் தெரியவரும். ஆஃபர் லெட்டர் வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: ரெஸ்பிரேட்டர் என் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று டெஸ்ட் செய்வீர்களா? ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவார்? ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தும் உரிமை எனக்கு உண்டா? எழுத்தில் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.